பாண்டீஸ்வரி பார்த்த மெட்ராஸில் நான்கு நாள்

மார்கழி இரண்டாவது வாரம் நான்கு நாள் மெட்ராஸில் இருந்தேன். அங்கே மூன்று வருஷம் வேலை பார்த்த என் மகள் பாண்டீஸ்வரி, போன மாசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த ரேவதி போன் போட்டு, அவள் சுற்றிய இடமெல்லாம் காட்டுகிறேன், வாருங்கள் என்றாள். என் மகளை எனக்கே இன்னொருத்தி காட்டுவதா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அத்தனை பெரிய ஊரில் அவள் என்னை நினைத்தாளா என்று தெரியாமல் எனக்குத் தூக்கமில்லை. கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் சாயங்காலம் நாலு மணிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அருப்புக்கோட்டையில் ஏழு மணிக்கு மெட்ராஸ் பஸ், அறுநூற்றைம்பது ரூபாய். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். வந்துவிட்டோம் என்று ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். மயிலாப்பூர் இன்னும் முப்பது கிலோமீட்டர்.

முதல் நாள் மயிலாப்பூர். வருஷம் திரும்பாததால் நான் கோயிலுக்குள் போகவில்லை, குளத்தைச் சுற்றி நடந்தேன். மத்தியானம் ஒரு சபாவில் கச்சேரி. அந்த நேரத்தில் டிக்கெட் இல்லை, சும்மாவே உட்காரலாம். ரேவதி தொடையில் தட்டித் தாளம் போட்டாள். பாண்டீஸ்வரிக்கும் தான்தான் பழக்கியதாகச் சொன்னாள். என் பிள்ளை தாளம் போடுவாள் என்று எனக்கு ஊரார் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. கேன்டீனில் ரேவதியே ரவா தோசை சொன்னாள், பாண்டீஸ்வரிக்கு அதுதான் பிடிக்குமாம். வீட்டில் மிளகு கிடந்தால் பொறுக்கி ஓரமாக வைக்கிறவள் அவள். தோசை எண்பது ரூபாய். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் எழும்பூர் மியூசியம். "செத்த காலேஜா? ஏறும்மா, நூத்தம்பது" என்றார் ஆட்டோக்காரர். என்ன பேர் இது என்று ரேவதியிடம் கேட்டேன். இங்கே பழைய ஆட்கள் மியூசியத்தை அப்படித்தான் சொல்வார்களாம். டிக்கெட் பதினைந்து ரூபாய், வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே எலும்பும் தோலுமாய்த் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையார் சிலை முன்னால் ரேவதி சிரித்தாள். "எங்கம்மா இப்படித்தான் இருக்கும், சாப்பிடச் சொன்னா சாப்பிடாதுன்னு பாண்டி சொல்லுவா. சொல்லிட்டு அழுவா."

நினைத்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவில்லை, இவளிடம் சொல்லியிருக்கிறாள். பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மெரினா. அலையைப் பார்த்து நின்றபோது முதுகுக்குப் பின்னால், "ஏலே, இங்கிட்டு வா" என்று பாண்டீஸ்வரியின் இழுவையிலேயே ஒரு குரல். திரும்பிவிட்டேன். ரேவதி ஒரு நாய்க்குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் திருவண்ணாமலைம்மா. இது அவகிட்ட ஒட்டிக்கிட்டது. வீட்ல கேலி பண்றாங்க, மாத்த வரல."

அந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து பிடுங்க வேண்டும்போல் இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட மாட்டாளா என்றும் இருந்தது. மாசியில் வருஷத் தெவசத்துக்கு வரலாமா என்று அங்கேதான் கேட்டாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன்.

நாலாம் நாள் எங்கும் போகவில்லை. சாயங்காலம் பஸ் ஏறும்போது சொன்னேன்: "வா. ஆனா எங்க வீட்ல நீ என்னையவிட அதிகமா அழுதுறக் கூடாது." சரிம்மா என்று சொல்லிவிட்டு அங்கேயே ஆரம்பித்துவிட்டாள்.

மெட்ராஸ் போகிறவர்கள் மார்கழியில் போங்கள், வெயில் தெரியாது. நடக்கத் தோதான செருப்பு போடுங்கள். அங்கிருந்து எங்கள் பக்கம் வருகிறவர்கள் அருப்புக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கலாம். மாசியில் வெயில் ஏறிவிடும், தண்ணீர் பாட்டில் வேண்டும். ரேவதிக்காக நான் ரோட்டில் வந்து நிற்பேன். சோறு போடுவேன், போட்டோக்களையும் காட்டுவேன். பாண்டீஸ்வரியின் கட்டிலை மட்டும் தர மாட்டேன். அதில் நான் படுக்கிறேன். ரேவதிக்குப் பாய் இருக்கிறது.