காலியாக விட்ட கடைசிப் பக்கம்

கியோட்டோவில் முப்பத்தோரு வருஷம் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர் தொகுஜி. ஊரிலுள்ள புத்தர் கோயிலுக்கெல்லாம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட மனுஷன், ஒன்றின் வாசலையாவது மிதித்தாரா என்றால் இல்லை. வண்டியை நிறுத்தியதும் இருக்கையைச் சாய்த்துக் குறட்டை விடுவார். வசந்தத்தில் செர்ரிப் பூ, மழைக்காலத்தில் பாசி, இலையுதிர்காலத்தில் சிவந்த மேப்பிள் என்று கோயில் தோட்டங்களைத் தேடி அலைந்ததெல்லாம் மனைவி சுமியேதான். அதுவும் தனியாக.

அவளிடம் ஒரு முத்திரை ஏடு உண்டு. கும்பிட்ட கோயில் ஒவ்வொன்றிலும் துறவி அதில் தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரை வைத்துத் தருவார். கருணைத் தெய்வமான கன்னோனுக்கு முப்பத்துமூன்று கோயில். நிரம்பிய ஏட்டைச் செத்தவர்களின் பெட்டியில் வைத்து அனுப்புவது வழக்கம். சுமியே முப்பத்திரண்டோடு நிறுத்தி ஒன்பது வருஷமாயிற்று. மிச்சமிருந்த கோயில் அரைமணி தூரந்தான். கேட்டால், "அடுத்த இலையுதிர்காலம் பாத்துக்கலாங்க" என்பாள்.

இந்த நவம்பரில் மருத்துவர் கைவிரித்துவிட்டார். இன்றோ நாளையோ என்றார். அவளோடு ஒரு நாளும் ஒரு எட்டு நடக்காத பாவி, இதையாவது முடித்துக் கொடுப்போம் என்று ஏட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைசிக் கோயிலுக்கு ஓடினார். "அம்மாவ விட்டுட்டு இப்பப் போய் எங்கப்பா?" என்று மகள் கேட்டது காதிலேயே விழவில்லை.

முத்திரை போடும் துறவி ஏட்டை வாங்கவில்லை. "கும்பிட்டாச்சுங்களா?"

"நேரமில்ல சாமி. பொண்டாட்டி சாகக் கெடக்கா."

"அதனாலதாங்க கேக்கறேன். கும்பிடாம வாங்கினா அவங்களுக்கு இது வெறும் மைதான். போயிட்டு வாங்க, கதவச் சாத்தாம வச்சிருக்கேன்."

கருவறைக்குத் தோட்டத்தைச் சுற்றித்தான் பாதை. மேப்பிள் உச்சத்தில் இருந்ததால் பாதை முழுக்கப் படம் பிடிக்கும் கூட்டம். பாழாய்ப்போன இலைக்கு இத்தனை பேரா என்று எரிச்சலாக வந்தது. "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார்.

"இருங்க பெரியவரே, இலை எங்கயும் ஓடிராது" என்றாள் ஒருத்தி.

இப்படிப்பட்டவர்களை லட்சம் பேர் கொண்டுவந்து கொட்டியவர், அவர்கள் நடுவில் முழங்கை இடிபட்டு அழுதுகொண்டே நகர்ந்தார். சன்னதியில், "வராதவன் வந்திருக்கேன். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பற வரைக்கும் அவள வச்சிரு" என்றார்.

வைத்திருந்தாள் கன்னோன். ஆஸ்பத்திரியில் சுமியேயின் கண் திறந்திருந்தது. அவர் ஏட்டை விரித்து, வாங்கி வந்த முப்பத்துமூன்றாவது முத்திரையைக் காட்டினார். அவள் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள்.

"உங்கள யாருங்க போகச் சொன்னா?"

"நீ ஆசைப்பட்டியேன்னு..."

"ஒண்ணு பாக்கி இருந்தா மேல கூப்பிட மாட்டாங்கன்னுதான் விட்டு வச்சிருந்தேன். எனக்குப் போக இஷ்டமே இல்லைங்க."

தொகுஜி ஏட்டை மூடப் போனார்.

"மை காஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

வரும் வழியிலேயே காய்ந்துவிட்டிருந்தது. "இன்னும் இல்ல" என்றார்.

"அப்ப மூடாதீங்க."

கட்டிலருகே உட்கார்ந்து, ஏட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.