என் கார்ட்டும் தங்கச்சியின் சூட்கேசும்

சம்பளம் இல்லை, லீவு இல்லை, நன்றி சொல்ல ஆளில்லை; இப்படி ஒரு உத்தியோகம் வேண்டுமென்றால் வெக்ஸ்போர்ட்டில் தமிழர் நிறைந்த அப்பார்ட்மெண்ட் ஒன்றில் இங்கிலீஷ் தெரிந்த பெண்ணாகக் குடியிருந்தால் போதும். அக்கம்பக்கத்தாரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய், இவர்கள் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவர்களுக்கும் மாற்றிச் சொல்கிற வேலை. தொண்ணூறில் நாங்கள் வந்து இறங்கிய மாதமே எனக்கு அது கிடைத்துவிட்டது. கன்னியர் மடத்தில் மதர்மார் அடிமட்டத்தால் விரல்மொளியில் தட்டித் தட்டி ஏற்றிய இங்கிலீஷ், கடைசியில் ஊராரின் மூலவியாதியை விளக்கத்தான் உதவியது. உங்களிலும் எத்தனையோ பேர் இந்த வேலையில் மாட்டியிருக்கிறீர்கள். பஸ்ஸில் உங்களைக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோயாளி, மடியில் அவருடைய பை, முகத்தில் பல்லைக் கடிக்கிற களை.

எடுத்த எடுப்பில்

மூன்றாம் மாடிப் பரிமளம் அக்காவுக்கு இடுப்பில் நாரி நோ. லிஃப்டுக்குள் தொடங்கினார். குனிய ஏலாது, நிமிர ஏலாது, படுத்தால் எழும்ப ஏலாது. பஸ்ஸில் அது காலுக்கு இறங்கியது. டொக்டரின் வாசலில் பெருவிரல் வரைக்கும் போய்விட்டது. உள்ளே போனோம். டொக்டர் பொறுமையான வெள்ளைக்காரர். "என்ன செய்கிறது?" என்று கேட்டார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்து விட்டு, கலியாண வீட்டுக்கு வந்தவர்போல் சிரித்து, "ஒண்டும் இல்லை டொக்டர், சும்மாதான்" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மனுசிக்கு உண்மையாகவே நோவா, அல்லது பஸ்ஸில் சுற்றிப்பார்க்க என்னை இழுத்து வந்தாரா என்று ஒரு சந்தேகம். பெருவிரல் வரைக்கும் நானே சொல்லி முடித்தேன். டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அக்கா சொன்னது நான்கு சொல், நான் பேசியது மூன்று நிமிடம். டொக்டருக்கு என்மேல் சந்தேகம். வெளியே வந்ததும், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "முன்பின் தெரியாத மனுசனிட்ட எடுத்த எடுப்பில வருத்தத்தைச் சொல்லுறது மரியாதையே, பிள்ளை? அவரெல்லோ ரெண்டாந்தரம் வற்புறுத்திக் கேக்க வேணும்!"

சனிக்கிழமைச் செய்தி

என் தங்கச்சி ஜசிந்தா இருப்பது எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில், நியூ ஜேர்சியில். புருஷன் பெற்றோல் ஷெட்டில் வேலை, இவள் ஒரு கடையில் உடுப்பு மடிக்கிற வேலை. இரண்டு வேலையிலும் இன்சூரன்ஸ் கிடையாது. கிறீன் கார்ட் இருந்தது. டொக்டரிடம் காட்ட ஒரு கார்ட்டும் இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எனக்கு ரெலிபோன் எடுத்து, அந்தக் கிழமை ரீவீயில் சொன்ன சுகாதாரச் செய்தி முழுவதையும் ஒப்புவிப்பாள். தேங்காய்ப்பால் இரத்தக் குழாயை அடைக்குமாம், விடு. பட்டர் கூடாது, மார்ஜரின் நல்லது. நான்கு மாதத்தில் மார்ஜரின் பட்டரைவிட மோசமாம், அதையும் விடு. முட்டையில் மஞ்சள் வேண்டாம். பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

எனக்கு இந்தச் செய்திகளில் நம்பிக்கை இல்லை. செய்தி முடிந்த கையோடு என்ன விளம்பரம் வருகிறது என்று பார்த்தால் செய்தி எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தவிட்டைத் தின்னச் சொன்னால் அடுத்த நிமிடம் தவிட்டுப் பெட்டி வரும். இதைச் சொல்லி, "மடைச்சி, இவங்கட கதையை வேதவாக்கெண்டு நம்பிறியே" என்று ஏசினேன். ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு சொன்னாள்: "டொக்டரிட்டப் போக வழியில்லாதவைக்கு ரீவீதான் டொக்டர், அக்கா. அது மட்டுந்தான் எங்களுக்குச் சும்மா கிடைக்குது."

பயணம் போன குளிசை

பரிமளம் அக்காவின் புருஷன் கனகசபை அண்ணைக்குப் பிறசர். வயது அறுபத்தைந்து தாண்டியபடியால் குளிசை அவருக்குக் கிட்டத்தட்டச் சும்மாதான். ஒருநாள் பஸ்ஸில் சொன்னார், குளிசைப் போத்தல் சிங்குக்குள் விழுந்து கரைந்துவிட்டது, டொக்டரிடம் சொல்லி இன்னொருமுறை எழுதி வாங்க வேண்டும் என்று. சொன்னேன், வாங்கினோம். இரண்டு மாதம் கழித்து, போத்தல் பஸ்ஸில் தவறிவிட்டது. அதற்குப் பிறகு பேரன் ஜன்னலால் எறிந்துவிட்டான்.

பேரன் எட்டு மாதக் குழந்தை. மூடி திறக்க எனக்கே பத்து நிமிடம் வேண்டும். டொக்டரின் கதவுக்கு முன்னால் வைத்து, "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் உள்ளுக்கு வரமாட்டன்" என்று நின்றேன். மனுசன் தலையைச் சொறிந்தார். மருமகன் பொஸ்ரனில். அவருக்கும் பிறசர். வேலை போனதோடு இன்சூரன்ஸும் போய், குளிசையை நாள் விட்டு நாள் பாதி பாதியாக விழுங்குகிறாராம். இவருடைய குளிசை உடுப்புக்குள் சுருட்டிய பார்சலில் எல்லை தாண்டுகிறது. ஒருவரின் குளிசையை டொக்டர் பாராமல் இன்னொருவர் விழுங்கினால் என்ன ஆகும் தெரியுமா என்று கத்தினேன். இந்தப் பொய்யை இனி இங்கிலீஷில் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அவர் கோபிக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீர் சொல்லுறது சரி, பிள்ளை. ஆனா உமக்கு இன்னும் ஒருத்தரும் அங்கயிருந்து அழுது ரெலிபோன் எடுக்கேல்லைப் போல."

சும்மா வாறன்

அடுத்த சனிக்கிழமை ஜசிந்தா செய்தி ஒன்றும் வாசிக்கவில்லை. "அக்கா, ஒரு கிழமைக்கு உன்னட்ட வாறன். தனியத்தான்" என்றாள். ஏன் என்றேன். "சும்மா." ஐந்து வருடமாக, லீவு எடுத்தால் சம்பளம் வெட்டு என்று குடும்பத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்கும் வராதவள் சும்மா வருகிறாள். அந்த நாளில், டொக்டரிடம் காசில்லாமல் காட்ட அரசாங்கம் தரும் எங்களுடைய ஹெல்த் கார்ட் சிவப்பும் வெள்ளையுமாக, படம் இல்லாமல் இருக்கும். பேரும் நம்பரும் மட்டும். அக்காவின் கார்ட்டில் தங்கச்சி வைத்தியம் பார்க்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? எல்லைக்கு அப்பாலிருந்து வந்து இரவல் கார்ட்டில் டொக்டரிடம் காட்டிவிட்டுப் போகிறார்களாம், அதற்காகவே படம் போட்ட கார்ட் வரப்போகிறதாம் என்று எங்கள் லிஃப்டுக்குள் நாள் முழுக்க அதே பேச்சு.

கேட்டால் கொடுக்கக்கூடாது. தங்கச்சி முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் எனக்கு வராது. ஆகவே கார்ட் துலைந்துவிட்டது என்று சொல்வதாகத் தீர்மானித்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன மிளகாய்த்தூள் போத்தல். அலுமாரிக்குள் வருடம் முழுக்கப் போதுமான பெரிய போத்தல். ஒரு பையில் சுற்றக்கூட யோசிக்காமல் கார்ட்டைப் பெரியதற்குள் புதைத்தேன். அவள் வருவதைப் பரிமளம் அக்காவுக்கும் சொன்னேன். அவர் உடனே தீர்ப்புக் கொடுத்தார்: "கலியாண வீடு ஒண்டும் இல்லாமல் அமெரிக்காவில இருந்து சொந்தம் வந்தால், அது கார்ட்டுக்குத்தான் வரும், பிள்ளை."

இடது கை

வந்தாள். பதினொரு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து வந்தவள் சூட்கேசை வலது கையால் மட்டும் இழுத்தாள். இடது கையை உயர்த்தவில்லை. சீப்பால் தலை இழுக்கும்போது பார்த்தேன். ஒற்றைக் கையால் இழுத்தாள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆ, கைக்கு வைத்தியம் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்! நான் கேட்கவில்லை. கேட்டால் கார்ட்டில் போய் முடியும். அவள் சமைத்தாள், என் இவருக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாள், எனக்குத் தலையணை உறை தைத்தாள். அவள் செய்த ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் என் சந்தேகம் ஒரு படி ஏறியது.

ஐந்தாம் நாள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, உன்ர ஹெல்த் கார்ட் எங்க?" நான் இதற்குத்தானே காத்திருந்தேன். துலைந்துவிட்டது என்று தொடங்கி, சட்டம், மறியல்சாலை, மதர்மார் படிப்பித்த பத்துக் கட்டளை என்று மூச்சு விடாமல் போனேன். முடியும் வரை கத்தரிக்காய் வெட்டினாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள்.

"எனக்கில்லை அக்கா, உனக்கு" என்றாள். அவளுடைய இடது மார்பில் கட்டி. கண்டு ஒரு வருடம். டொக்டரிடம் போனால் என்ன பில் வரும் என்ற பயத்தில், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு வருடம் இருந்திருக்கிறாள். இப்போது கை தூக்க முடியாமல் போய்க் காட்டியதில், அடுத்த கிழமை ஒப்பரேஷன். ஆஸ்பத்திரி மாதம் மாதம் கட்டச் சம்மதித்திருக்கிறது. எத்தனை வருடம் என்று அவள் சொல்லவில்லை. எங்கள் அம்மா போனதும் இதே நோயில்தான். அவரும் "ஒண்டும் இல்லை" என்றே சொல்லிச் சொல்லிப் போனவர். இதைக் கேட்டதும் அந்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி, உனக்கு அக்கா தங்கச்சி இருக்கிறார்களா என்பது. இதை ரெலிபோனில் சொன்னால், "ரீவீக் கதை" என்று நான் வைத்துவிடுவேன் என்று தெரிந்து, வெட்டப் போவதற்கு முதல் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

அவள் அலுமாரியைத் திறந்து, பெரிய போத்தலை வலது கையால் இறக்கி எனக்கு முன்னால் வைத்தாள். "ரெண்டாம் நாள் சின்னப் போத்தில் முடிஞ்சு, இதுக்க அள்ளேக்க கண்டனான். சின்னனில என்ர தோட்டையும் மிளகாய்த்தூளுக்குள்ளதானே ஒளிச்சனி. உனக்குப் புது இடம் ஒண்டும் தெரியாதே, அக்கா?"

இன்றைக்கு யாருக்கு?

அடுத்த நாள் போனோம். அந்தக் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள் ஜமேக்காக்காரி, என்னை நன்றாகத் தெரியும். "இன்றைக்கு யாரைக் கூட்டிவந்திருக்கிறாய்?" என்று கேட்டு என் பின்னால் நோயாளியைத் தேடினாள். நான் கார்ட்டை நீட்டினேன். எவ்வளவு கழுவியும் எழுத்துப் பள்ளங்களுக்குள் மிளகாய்த்தூள். வாங்கியவள் நான்குதரம் தும்மினாள்.

எத்தனை பேரோடு அந்த அறைக்குள் போயிருப்பேன்? நோயாளியின் கதிரையில் இருந்தது அன்றுதான். டொக்டர், "என்ன செய்கிறது?" என்றார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "ஒன்றும் இல்லை டொக்டர், சும்மாதான்." பக்கத்துக் கதிரையில் ஜசிந்தா நிமிர்ந்தாள். அதே மதர்மார், அதே அடிமட்டம், என்னுடையதைவிடத் திறமான இங்கிலீஷ். அம்மாவைப் பற்றி, தன்னைப் பற்றி, கண்ணீரில்லாமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். டொக்டர் எழுத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். உங்களுக்கு யார் பார்க்கிறார்கள் என்று அவளிடம் கேட்டார். அது வேற கதை என்று சொல்லிவிட்டு, என் பக்கம் கை காட்டினாள். "இவ பொய் சொல்லுவா, டொக்டர். ரெண்டாந்தரம் வற்புறுத்திக் கேளுங்கோ" என்பதைத்தான் இங்கிலீஷில் சொன்னாள்.

மெமோகிராம் படத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. இந்தமுறை அது உண்மை. ஒரு சதம் கேட்கவில்லை. அவளுக்கு மார்பு ஒன்று போயிற்று. ஆள் இருக்கிறாள், பில்லும் இருக்கிறது. ஒப்பரேஷன் முடிந்த மூன்றாவது சனிக்கிழமை ரெலிபோன் வந்தது. என் முடிவை நான் சொல்லச் சொல்ல, சொல் எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிற வருடமும் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள், தையல் இழுக்கிறது என்று நிறுத்தினாள். "இனிக் கார்ட்டை மல்லித்தூள் போத்திலுக்க ஒளி, அக்கா. தும்மின அந்த மனுசி பாவம்."

இன்றைக்கும் நான் எவரையும் லேசில் நம்புவதில்லை, அதிலும் "ஒண்டும் இல்லை" என்று சொல்கிறவர்களை, என்னையும் சேர்த்து, கொஞ்சமும் நம்புவதில்லை.