படத்துத் தகப்பனும் நானும்

அன்பான சகோதர சகோதரிகளே, பிதாவாகிய தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும். ஆனால் 'பிதாவே' என்று ஜெபிக்கவே கூசிய ஒரு காலம் எனக்கு இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். தகப்பனுடைய அன்பைப் பற்றி நான் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதே மாதங்களில் என் சொந்த மகள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் பெயர் எபிநேசர். காரிமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம், எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பேன். மனைவி ஸ்டெல்லா. ஒரே மகள் ஜெனி. பிளஸ் டூ முடித்ததும் என்னோடு வேலைக்கு வந்துவிட்டாள். எடிட்டிங்கில் என்னைவிட அவள் கை வேகம்.

சென்ற ஆண்டு தை மாதம் ஒரு கல்யாணம். பெண் வீடு அதியமான்கோட்டை. முகூர்த்தம் முடிந்ததும் ஒரு மெமரி கார்டை ஜெனியிடம் கொடுத்து, "ஃபார்மேட் பண்ணி ரெடியா வை" என்றேன். மதியம் பார்த்தால், தாலி கட்டிய காட்சி எந்தக் கார்டிலும் இல்லை. ஜெனியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க குடுத்த கார்டத்தாம்பா அழிச்சேன். அதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள் ஜெனி.

அறைந்துவிட்டேன். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. லைட் ஸ்டாண்டை மடக்கி வைத்தாள். நேராக பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமே ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். அம்மாவிடம் மட்டும் பேசுவாள். நான் கூப்பிட்டால் போன் மணி அடித்து ஓயும்.

மார்ச் மாதம் கேமரா பையைத் துடைக்கும்போது அதன் பக்கவாட்டு உறையில் அந்தக் கார்டு கிடைத்தது. தாலி கட்டும் காட்சி முழுவதும் அதில் இருந்தது. ஜெனியிடம் நான் கொடுத்தது வேறு ஏதோ பழைய கார்டு. தவறு என்னுடையது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாண வீட்டுக்கு வீடியோவை முடித்துக் கொடுத்தேன். அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, காணாமல் போனதைக் கர்த்தர் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். யாரை அறைந்தேன் என்பதைச் சொல்லவில்லை. ஸ்டெல்லா மட்டும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "ஜெனிக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"நீயே சொல்லிடேன்."

"நான் சொல்ல மாட்டேங்க. நீங்க சொன்னாத்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும்."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்பன் போய்ப் பிள்ளையிடம் இறங்கினால் நாளைக்கு அவள் மதிப்பாளா என்று ஒரு பக்கம். இதற்கு இவ்வளவு பயமா என்று இன்னொரு பக்கம். மாதங்கள் ஓடிவிட்டன.

இந்த நிலையில்தான் எங்கள் போதகர் என்னைக் கூப்பிட்டார். "பிரதர், நம்ம சபைல தகப்பன்மாருக்குன்னு ஒரு கூடுகை வெக்கிறோம். முக்கா மணி நேரத்துக்கு ஒரு படம் எடுத்துக் குடுங்க. தகப்பன்னா யாருன்னு ஜனங்களுக்குக் காட்டணும். நீங்கதான் சரியான ஆளு" என்றார்.

நான் சரியான ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சரி என்றுவிட்டேன்.

கதை எழுத உட்கார்ந்தேன். இயேசு சொன்ன கதையையே நம் ஊருக்குக் கொண்டுவந்தேன். மகன் தகப்பனோடு சண்டை போட்டு ஊரைவிட்டுப் போகிறான். கெட்டு நொந்து திரும்பி வருகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு மன்னிக்கிறார். எழுதும்போது அந்தத் தகப்பனாக என்னை நினைத்துக்கொண்டேன். ஜெனி திரும்பி வருவாள், நான் மன்னிப்பேன். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அன்று அது எனக்குத் தவறாகவே படவில்லை. அதுதான் எனக்கு இன்றும் புரியாத விஷயம். கார்டு யார் பையில் இருந்தது என்று தெரிந்த ஒருவன் எப்படி அப்படி எழுதினான்?

ஜூலையில் படப்பிடிப்பு. ஊருக்கு வெளியே மாதையன் என்பவருடைய தக்காளித் தோட்டம். அவர் இந்து. வயது ஐம்பதுக்கு மேல். எங்கள் சபைக்கு வருகிறவர் அல்ல, இடம் மட்டும் கொடுத்தார். முதல் நாள் எதிர்பாராத மழை. இரண்டாம் நாள் கேமராவில் படம் பதிகிறது, சத்தம் பதியவில்லை. மூன்றாம் நாள் தகப்பனாக நடித்த சபை மூப்பருக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டார்.

ஒரு சகோதரி சொன்னார், "பிசாசு தடுக்குறான் பிரதர், விடாதீங்க." இன்னொரு சகோதரர் சொன்னார், "தேவன் தடுக்குறாரோ என்னவோ. கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க." இரண்டு பேரும் ஜெபிக்கிறவர்கள். யார் சொல்வதை எடுப்பது? கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். வம்ச வரலாறு வந்தது. இவர் இவரைப் பெற்றார், அவர் அவரைப் பெற்றார் என்று ஒரு பக்கம் முழுக்கத் தகப்பன்களின் பெயர்கள். எடு என்கிறாரா, எடுக்காதே என்கிறாரா? ஒன்றும் விளங்கவில்லை.

"ஆண்டவரே, ஜெனியின் மனதை மாற்றும், இந்தப் படத்தை முடித்துத் தாரும்" என்று தினமும் ஜெபித்தேன். ஜெனிக்காக ஐந்து மாதமாக அதே ஜெபம்.

மூப்பர் எழுந்து வர வாரக்கணக்கில் ஆகும் என்றதும், தோட்டத்துக்காரர் மாதையனையே கேட்டேன். "எனக்கு நடிக்கல்லாம் தெரியாதுங்க. எப்படி இருப்பனோ அப்படித்தான் இருப்பேன்" என்றார். அதுவே போதும் என்றேன். உண்மையில் அவர் நன்றாகவே செய்தார். மண்வெட்டியைப் பிடிக்கிற பிடியிலேயே ஒரு தகப்பன் தெரிந்தார்.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். மகன் வரப்பில் வருகிறான். தகப்பன் ஓடிப்போய், "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்டா" என்று கட்டிக்கொள்ள வேண்டும். மாதையன் ஓடினார். கட்டிக்கொண்டார். வசனம் வரவில்லை. மறுபடி எடுத்தோம். மறுபடியும் வரவில்லை. நான்காவது தடவை அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? இந்தப் பையன் அப்படி என்ன தப்பு பண்ணான்?"

"சொல்பேச்சு கேக்காம வூட்ட வுட்டுப் போயிட்டான் இல்லைங்களா."

"அதாங்க, எதுக்குப் போனான்? சும்மா ஒருத்தன் போவானா? எனக்கும் மூணு புள்ளைங்க. நானும் எத்தனையோ தடவ கை நீட்டி இருக்கறேன். பாதிக்குப் பாதி தப்பு எம்மேலதான் இருந்துச்சு. அப்ப நான் எப்படி மன்னிச்சேன்னு சொல்றது? தப்பு அப்பன் மேல இருந்தா, இந்தப் படத்துல அவன் என்ன பண்ணணும்?"

அவருக்கு என் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஸ்டெல்லா அன்று எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குப் போதும்" என்று கேமராவை மூடினேன். கிணற்று மேட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். அன்று ஜெனியின் மனதை மாற்றும் என்று கேட்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் புரியல ஆண்டவரே" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, எந்த வெளிச்சமும் வரவில்லை. போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை கிருஷ்ணகிரி போய் அங்கிருந்து ஓசூர் பஸ் பிடித்தேன். ஜெனிக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். நான் படம் எடுப்பதை ஜெனிக்கும் அவள் சொல்லியிருந்தாள். ஹாஸ்டல் வாசலில் நின்றேன். கம்பெனிச் சீருடையில் வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லா இருக்காங்க கண்ணு. நான்தான்... அந்தக் கார்டு என் பையிலதான் இருந்துச்சு. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது. என்ன மன்னிச்சிரு."

"எப்பக் கெடச்சுது?"

பொய் சொல்லத் தோன்றியது. அந்த இடத்தில்கூட! "மார்ச்சுல" என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். "நாலு மாசம்" என்றாள். பிறகு, "படத்துக்குச் சீன் வேணும்னு வந்தீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தேவன் மேலேயே கோபம் வந்தது. போகச் சொன்னது நீர்தானே? போனேனே? முன்பு பேசாமல் இருந்தாள், இப்போது வெறுக்கிறாளே? கீழ்ப்படிந்தால் இப்படித்தான் ஆகுமா?

அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்றேன். மார்ச்சில் நான் சொன்ன சாட்சி பாதிதான், மீதி இது என்று முழுவதையும் சொன்னேன். படத்தை நிறுத்திவிடுகிறேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. போதகர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "படத்த நிறுத்தறதா வேணாமான்னு எனக்கும் தெரியல பிரதர். ஆனா நீங்க அறைஞ்சது இந்தச் சபைல இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அதுவும் முதலில் எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதியமான்கோட்டைக்குப் போனேன், கல்யாணப் பெண்ணின் வீட்டுக்கு. பெண்ணின் அப்பா அண்ணன் தம்பிகளோடு கூட்டுக்குடும்பம். எல்லோரும் அன்று பந்தியில் இருந்தவர்கள். கூடத்தில் நின்று சொன்னேன். என் மகள்மேல் தவறு இல்லை, தவறு என்னுடையது, நீங்கள் பார்க்க அவளை அவமானப்படுத்தினேன், நீங்கள் கேட்கவே இதைச் சொல்ல வந்தேன் என்றேன்.

"இதுக்காங்க இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் பெண்ணின் அப்பா. "நாங்களுந்தான் சும்மா பாத்துட்டு நின்னோம். வயசுப் புள்ளைய அடிக்கறாரே, ஒரு வார்த்த கேப்பம்னு ஒருத்தருக்கும் தோணல. பாப்பா நம்பர் குடுங்க" என்றார்.

அங்கேயே கூப்பிட்டார். என் எண் அல்ல என்பதால் ஜெனி எடுத்தாள். "அம்மா, நாங்க அதியமான்கோட்டைங்க. ஒங்கப்பா இங்க வந்து எல்லாத்தையும் சொன்னாரு. அன்னைக்கு நாங்க கேக்காம வுட்டது தப்புதாம்மா" என்றார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை என்னிடம் தரவும் இல்லை. "அழுவுதுங்க புள்ள" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அறைந்த அன்று அழாத பிள்ளை. ஆறு மாதம் கழித்து அழுதாள்.

நான் இதை ஜெபத்தில் கேட்கவே இல்லை. யாரோ ஒரு வீட்டுப் பெரியவர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்பார் என்று என் புத்திக்கு எட்டியிருக்குமா?

பத்து நாள் கழித்து ஜெனி எனக்குப் போன் செய்தாள். முதல் கேள்வி, "படம் முடிஞ்சிடுச்சாப்பா?" என்பதுதான். முடிவு தெரியாமல் நிற்கிறது என்றேன். "அப்பாவா நடிக்கறவருகிட்டயே கேளுங்க. அவரு என்ன பண்ணுவாராம்?" என்றாள்.

மாதையனிடம் கேட்டேன். வசனம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் வரப்பில் ஓடினார். மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. முன்னால் போய் நின்று, "எம்மேலதான்டா தப்பு. வூட்டுக்கு வர்றதும் வராததும் ஒன்னிஷ்டம்" என்றார். ஒரே டேக். படத்தின் முடிவு அதுதான்.

படத்தை எடிட் செய்ய ஜெனி மூன்று நாள் லீவு போட்டு வந்தாள். முதல் நாள் அளந்துதான் பேசினாள். மூன்றாம் நாள், "இசை ரொம்ப அழுவுதுப்பா, எடுத்துடறேன்" என்று அவளே எடுத்துவிட்டாள். செப்டம்பரில் கூடுகையில் படத்தைப் போட்டோம். முடிந்ததும் தகப்பன்மார் சிலர் வெளியே போய்ப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. மாதையன் குடும்பத்தோடு வந்திருந்தார். "நம்ம தக்காளி நல்லா தெரியுதுங்க" என்றார்.

ஜெனி ஓசூரிலேயே வேலை பார்க்கிறாள். ஸ்டுடியோவுக்குத் திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. மாதம் ஒரு தடவை வருகிறாள். சில சமயம் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் இறுகிவிடும். அது எப்போது போகும் என்று தெரியாது. நான் காத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கோபம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். ஸ்டெல்லா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்த மழையும் காய்ச்சலும் யார் அனுப்பியது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் ஜெபம் கேட்கப்பட்டது என்று தைரியமாகச் சொல்வேன். அவள் மனதை மாற்றும் என்று கேட்டேன், அவர் என் மனதில் கை வைத்தார்.

இதைப் படிக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே, உங்களுக்கும் ஒரு பிள்ளை தூரத்தில் இருக்கலாம். எல்லாம் விளங்கிய பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். புரியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்பார். பிறகு எழுந்து போங்கள். கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தனியாகப் போக மாட்டீர்கள். நம் பிதா உங்களோடு வருவார். என்னோடு வந்தார்.