வீரையா மாமா கையெழுத்திட்ட முறைப்பாடு

எங்கள் பிரதேச சபைக் கட்டடத்தின் முன்னால் ஓர் அறிவித்தல் பலகை இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் வீரையா மாமா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். பலகைக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு அறிவித்தலையும் முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் விரலை ஓட்டி வாசிப்பார். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் திகதி, சந்தைக் கடைகளின் ஏலம், ஆதன வரி நிலுவை, எதையும் விடமாட்டார். அவரிடம் நாயும் இல்லை, கடையும் இல்லை. நான் ஆறாம் வகுப்பில் நெடுங்கேணி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து, கம்பஸ் முடித்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாள் வரை இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை கேட்டேன். "ஏன் மாமா, போன மாசத்துப் பேப்பரையும் திரும்ப வாசிக்கிறீங்கள்?"

"ஒட்டுனவனுக்கு ஒரு ஆளாச்சும் வாசிக்கிறான்னு தெரியணும் புள்ள. இல்லாட்டி நாளைக்கு ஒட்ட மாட்டான்."

எழுபத்தேழாம் ஆண்டு தமிழருக்கெதிரான வன்செயலோடு மலையகத் தோட்டமொன்றிலிருந்து தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. காடு வெட்டினார், கூலிக்கு நெல் வெட்டினார், பிறகு இரண்டு ஏக்கரில் சொந்தமாகக் கச்சான் கடலை போட்டார். பிரசாவுரிமைக் காகிதம் இல்லாததால் அவருடைய தகப்பன் ஒரு தடவைகூட வோட்டுப் போடாமலே செத்துப்போனவர். மாமா அதைப் பெரிய சோகமாகச் சொல்வதில்லை. தேர்தல் நாளில் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வரிசையில் நிற்பார், அவ்வளவுதான்.

கடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எதிர்க்கட்சியின் வேட்பாளராக எங்கள் வட்டாரத்தில் அவர் நின்றார். அதற்கு முந்திய பதினைந்து வருடங்கள் அந்தக் கட்சிக்குக் கதிரை அடுக்கியவர், நோட்டீஸ் ஒட்டியவர். வேட்பாளர் என்றதும் அவருக்கே சிரிப்பு வந்தது.

வவுனியாவில் ஒரு கடைக்கு மேலே கட்சிக் கந்தோர். அங்கே நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார், எழுதிக்கொள்வதற்கு. மாவட்ட அமைப்பாளர் மயில்வாகனம் மாஸ்ரர், ஓய்வுபெற்ற கணித வாத்தியார், பதினொரு வேட்பாளர்களுக்கு வேலைமுறையைச் சொன்னார்.

"குடுக்கிறதில ஆளுங்கட்சி ஆக்களோட எங்களால போட்டி போட ஏலாது. தையல் மெசின், தண்ணீர் மோட்டர், அரிசி எல்லாம் அவை குடுக்கட்டும், சனம் வாங்கட்டும். வாங்கினதுக்காக வோட்டைக் குடுக்கத் தேவையில்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஒவ்வொரு வீட்டுக்கும் மூண்டு தரம் போங்கோ. முதல் தரம் வாயே திறக்கக் கூடாது, கேக்கோணும். தேர்தல் சட்டத்தை யார் மீறினாலும் அண்டைக்கே தேர்தல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதி அனுப்புங்கோ. நாங்கள் வித்தியாசமான ஆக்கள் எண்டு சனத்துக்குத் தெரிய வேற வழியில்லை."

மாமா கந்தோரில் "வாங்கோ, இருங்கோ" என்று வன்னித் தமிழ் கதைப்பார். படியிறங்கியதும் பழைய பேச்சு வந்துவிடும். "வாயத் தொறக்காம கேக்கணுமாம். எங்க வீட்டுக்காரிகிட்ட முப்பது வருசமா அதத்தான செய்றேன்" என்றார்.

ஆனால் சொன்னபடியே செய்தார். எங்கள் குடியிருப்பில் அறுபத்திரண்டு குடும்பங்கள். எல்லா வீட்டுக்கும் முதல் சுற்றில் போனார், வாசலில் குந்தியிருந்து கேட்டார். எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். குடியிருப்புக்கும் பெரிய றோட்டுக்கும் இடையில் ஒரு ஓடை இருக்கிறது. கோடையில் மணல். ஐப்பசியில் மழை விழுந்தால் இடுப்பளவு தண்ணீர். ஓட்டோ வராது, பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். தண்ணீர் கீழால் ஓட, சனம் மேலால் போக, அதற்கு ஒரு மதகு வேண்டும்.

இரண்டாவது சுற்று முடிவதற்குள் மதகு வேலை வந்துவிட்டது. சித்திரை வருசம் கழிந்த மூன்றாம் நாள் ஒரு பெக்கோ இயந்திரம் வந்து ஓடைக்கரையைக் கிண்டத் தொடங்கியது. கொங்கிறீற் குழாய்கள் நான்கு இறக்கப்பட்டன. ஆளும் தரப்பின் வேட்பாளர் சஜீவன் தேங்காய் உடைத்தான். தன் படமும் கட்சிச் சின்னமும் போட்ட பெரிய பலகையை நட்டான். அவனும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைதான், எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன்.

மாமா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்து கதிரையில் இருந்தார்.

"இந்த வேலைக்குப் பலகையில அறிவித்தல் ஒண்ணும் ஒட்டல. நேத்தும் பாத்துட்டேன். வேட்புமனு குடுத்ததுக்குப் பொறவு வந்த வேல இது" என்றார். பிறகு, "ஆனா மதகு வேணும். எங்க அம்மா செத்தப்பவும் அந்தத் தண்ணிக்குள்ளாலதான் தூக்குனோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ படிச்சவ. எழுதலாமா, வேணாமா?"

"எழுதத்தான் வேணும் மாமா" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் அம்மாவும் அந்த ஓடைக்குள்ளால்தான் நடக்கிறா என்பது அந்த நேரம் என் தலையில் இல்லை.

"அப்ப அந்தப் படம் போட்ட பலகையக் கழட்டச் சொல்லி எழுது. வேலைய நிப்பாட்டச் சொல்லாத."

நான் எழுதினேன். அரசியல் விஞ்ஞானம் படித்தவள் நான். பலகையை மட்டும் கழற்றச் சொன்னால் முறைப்பாடு பாதியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. "வாக்காளரின் சுதந்திரமான தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய இவ்வேலை முழுவதும் தேர்தல் முடியும்வரை இடைநிறுத்தப்பட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன். வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"சட்டம் அதுதானா?"

"ஓம் மாமா. அதுதான்."

மாமா பேனையை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார்.

முறைப்பாடு போய் மூன்று நாளில் பெக்கோ நின்றது. சாரதி அதைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நான் படித்த படிப்பு முதல்முறையாக ஒரு பெரிய இயந்திரத்தை நிறுத்தியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து எழுத முடியாது.

சஜீவன் மாமாவின் வாசலுக்கே வந்தான். கோபத்தைவிட அவன் முகத்தில் அவமானம்தான் தெரிந்தது.

"நான் கள்ளனோ மாமா? காசு வந்தது, என்ரை சனத்துக்கெண்டு கொண்டந்தனான். நாலு குழாயைத் தாட்டிருந்தா நீங்களும்தானே அதுக்கு மேலால சைக்கிள் ஓடியிருப்பீங்கள்?"

"உன் படத்துக்கு மேலால ஓட்டியிருக்கணும்டா."

"படம் மழையில ரெண்டு மாசத்தில உரிஞ்சிடும். மதகு நிக்கும்."

"தேர்தல் முடியட்டும்டா. யார் ஜெயிச்சாலும் நானே வந்து பக்கத்துல நின்னு குழாயப் பொதைக்கிறேன்" என்றார் மாமா.

மயில்வாகனம் மாஸ்ரரும் போனில் எடுத்தார். "வீரையா, நல்ல முறைப்பாடு. ஆனா உங்கட சொந்த இடத்தில போட்டிருக்க வேண்டாம். இது உங்கட வோட்டெல்லோ?"

"மத்த ஊர்ல போட்டா சரி, நம்ம ஊர்ல போட்டா பிழையா மாஸ்ரர்?"

"பிழையெண்டு நான் சொல்லேல்லை" என்று மாஸ்ரர் போனை வைத்துவிட்டார்.

மூன்றாவது சுற்றில் பல வீடுகளில் நாய் குரைத்தது, ஆள் வெளியே வரவில்லை. குறைந்தது மண்மூட்டையாவது அடுக்கித் தாருங்கள் என்று சிலர் கேட்டார்கள். வேட்பாளர் மண்மூட்டை அடுக்கினால் அதுவும் வோட்டுக்காகக் கொடுப்பதுதான் என்றார் மாமா. "வையுங்கோ பாப்பம், நாங்களும் ஒரு முறைப்பாடு போடுறம்!" என்று சஜீவனின் கூட்டாளிகள் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். "போடுங்கடா. போடத்தான் வேணும்."

சஜீவனிடம் இருபத்துமூன்று வோட்டுகளால் தோற்றார். எங்கள் குடியிருப்பில் யார் மாறிப் போட்டிருப்பார்கள் என்று கட்சிப் பெடியள் விரல் மடித்து எண்ணத் தொடங்கியபோது அவர் சத்தம் போட்டதை நான் முதன்முதலாகக் கேட்டேன். "எண்ணாதீங்கடா! மறைச்சுப் போடத்தான அந்தப் பெட்டி. யாருகிட்டயும் கேக்கக் கூடாது. கேட்டவன் என் வீட்டுக்கு வராத."

கட்சி மொத்தமாக எடுத்த வோட்டுக்காகப் பட்டியலில் அதற்கு இரண்டு இடம் கிடைத்தது. தோற்றவரையும் அதில் போடலாம். மயில்வாகனம் மாஸ்ரர் அவருக்கு ஒன்றைக் கொடுக்க நினைத்தார். மாமா மறுத்தார். "இவங்க வேணாம்னு சொன்ன ஆள் நான். பின்பக்கத்தால போய் எப்பிடிக் கதிரையில குந்துறது?" அப்போது எனக்கு அது பெரிய விசயமாகத் தெரிந்தது. உறுப்பினராகியிருந்தால் சபையில் எழும்பி அந்த மதகைக் கேட்டிருக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிறகுதான் வந்தது.

ஏனென்றால், தேர்தல் முடிந்தும் பெக்கோ திரும்பவில்லை. நிறுத்திய வேலையின் ஒதுக்கீடு வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டது என்றார்கள். சஜீவன் நாலு தரம் அலைந்தான். மாமா அவனோடு இரண்டு தரம் போனார். ஒன்றும் நடக்கவில்லை. ஆவணியில் மாமா தனியாக மண்மூட்டை அடுக்கத் தொடங்கினார். ஒரு கிழமையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஐப்பசியின் முதல் பெருவெள்ளம் நூற்றுப்பத்து மூட்டைகளையும் அடித்துக்கொண்டு போனது.

அந்தக் கிழமைதான் செல்வராசாவுக்குக் கிளினிக் நாள். சிறுநீரக வருத்தக்காரர், அவரால் நடக்க முடியாது. ஓட்டோ மறுகரையில் நின்றது. அவரைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திக் கயிற்றால் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். முன்பக்கத்துக் காலொன்றை மாமா பிடித்திருந்தார். செல்வராசாவின் மனைவி சிவலட்சுமி அக்கா கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றித் தலைக்கு மேலே பிடித்தபடி பக்கத்தில் நடந்தா. நான் மருந்துப் பையோடு பின்னால்.

நடு ஓடையில், தண்ணீர் நெஞ்சைத் தொடும்போது அக்கா கேட்டா. சத்தம் போடவில்லை.

"வீரையாண்ணை, உங்கட சட்டம் சரிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தச் சட்டத்துக்கு இந்த மனுசன் ஏன் விலை குடுக்கோணும்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

கதிரை ஒரு பக்கம் சரிந்தது. மாமா தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். "பதில் சொல்றேன் தங்கச்சி. கட்டாயம் சொல்றேன். மொதல்ல கர ஏறுவம்."

கரையேறியதும் ஓட்டோ புறப்பட்டுவிட்டது. மாமா ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார். அந்த வரி என்னுடையது என்று அவர் ஒருநாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சிவலட்சுமி அக்காவின் படலை வரை மூன்று தரம் போனாராம். ஒருமுறை வேலியடியில் நின்று கச்சான் விலையைக் கதைத்துவிட்டு வந்தார். ஒருமுறை செல்வராசாவுக்கு இளநீர் கொடுத்துவிட்டு வந்தார். ஒருமுறை படலையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். என்னிடமும் ஒருநாள் கேட்டார். "அவளுக்கு என்னன்னு சொல்றது புள்ள?" இன்றைக்கு விட்டால் நாளைக்குச் சட்டமே இருக்காது என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். தலையை ஆட்டினார். "அது மாஸ்ரருக்குச் சொல்ற பதில். அவளுக்குச் சொல்ற பதில் இல்ல."

கார்த்திகை கடைசியில், கச்சான் காணியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் சிவலட்சுமி அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றா. நான் கோப்பைகளைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஊரில ஆக்கள் நினைக்கினம், நான் அந்தாளுக்கு வோட்டுப் போடேல்லையெண்டு" என்றா. "நானும் என்ரை மனுசனும் அவருக்குத்தான் போட்டனாங்கள். போட்டதாலதான் கேட்டனான். மற்றவனிட்ட எனக்கென்ன கேள்வி?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "அக்கா, வேலையை நிப்பாட்டச் சொன்ன வரி மாமா சொன்னதில்லை. நான் எழுதினது."

அவ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த கோப்பையை எடுத்தா.

"தெரியும். அந்தளவு தமிழ் அவருக்கு வராது. ஆனா கையெழுத்து அவரின்ரை. பதில் அவர்தான் தரோணும். தராமலே போயிட்டார்."