அகில உலக ஒற்றை ஆசனப் போட்டி

விழுப்புரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த நான், உலகத்துக்கே பொதுவான ஒரு கார் பந்தயத் தொடரைத் தொடங்கி வைத்தவன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நேரில் பார்த்தவர்களும் நம்பவில்லை என்பதுதான் சங்கடம்.

அறுபதுகளின் தொடக்கம். சென்னைக்குப் பக்கத்தில், யுத்த காலத்து விமானத் தளம் ஒன்றில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்தேன். ஓர் ஆள் மட்டும் உட்காரும் வண்டிகள் விர்ரென்று போனதைக் கண்டதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பட்டறை மூலையில் செத்துக்கிடந்த பழைய கார் ஒன்றின் கூரையை அறுத்தேன். கதவுகளைக் கழற்றினேன். ஓட்டுகிறவன் சீட்டை மட்டும் விட்டுவைத்துச் சிவப்பு பெயிண்ட் அடித்தேன்.

போட்டிக்கு இன்னொரு வண்டி வேண்டுமே! புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த சொல்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். அவரும் தன் காரில் மற்ற சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டார். அவர் பிரெஞ்சுப் பிரஜை. ஆக இரண்டு தேசம் ஆயிற்று; பந்தயமும் அகில உலகப் பந்தயம் ஆகிவிட்டது. முதல் போட்டி திண்டிவனம், அடுத்தது விழுப்புரம், அதற்கடுத்தது பாரிஸ் என்று முடிவு செய்தோம். பாரிசில் தான் பேசிக்கொள்வதாகச் சொல்தா சொன்னார்.

இத்தனை அவசரத்துக்கும் காரணம் வேறு. திண்டிவனத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த அவள் அப்பாதான், "பையன் கையெல்லாம் மசியா இருக்குதே, யோசிச்சு சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு பந்தயத்துக்கு வரச் சொல்லி அழைத்தேன். ஜெயித்துக் காட்டினால் மனுஷன் மசிந்துவிடுவார் என்பது என் நினைப்பு.

நோட்டீஸ் அடித்ததில்தான் கெட்டது. சிங்கிள் சீட்டர் என்பதை நல்ல தமிழில் போட வேண்டும் என்று எனக்குத் திமிர். 'அகில உலக ஒற்றை ஆசன மோட்டார் போட்டி' என்று போட்டேன்.

போட்டியன்று, திண்டிவனத்தில் வற்றிக் கிடந்த ஏரியில் கூட்டம் அலைமோதியது. அத்தனை பேரும், ஓடுகிற கார்மேல் எவனோ ஒற்றைக் காலில் நின்று யோகாசனம் செய்யப்போகிறான் என்று வந்தவர்கள். நான் கொடிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். முன்னால் நின்ற பெரியவர், "இன்னாபா, குந்திக்கினே இருக்கிறே? எப்போ ஏறி நிப்பே?" என்கிறார்.

கொடி விழுந்தது. சொல்தாவின் வண்டி கிளம்பவே இல்லை. ஆகவே நான்தான் முன்னணியில். அந்தப் பெருமையோடு பாதி ஏரி போனதும் என் வண்டி புகை கக்கிவிட்டு நின்றது. கூட்டம் ஊளையிட்டுக் கலைந்தது.

பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஒரு சீட்டுதான் இருக்குது. எம்பொண்ணு எங்க குந்துவா?"

கல்யாணம் போச்சு என்று தெரிந்துவிட்டது. வெட்கத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் அவளே வந்துவிட்டாள். வண்டியைக் கரையேற்றத் தள்ளவும் ஆள் வேண்டும், ஸ்டியரிங் பிடிக்கவும் ஆள் வேண்டும். யாரையும் கேட்காமல், புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த ஒரே சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் புடிச்சிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் தள்ளுங்க."

அப்பா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்து தோள் கொடுத்தார்.

கரை மேட்டில் வண்டி திணறியது. அவருக்கும் மூச்சு இரைத்தது.

"அந்தப் பக்கம் நல்லா முட்டுக் குடுங்க மாப்ளே, ஜல்தி!"

மாப்ளே என்று கேட்ட சந்தோஷத்தில் நான் கையை விட்டுவிட்டேன். வண்டி பின்னால் உருண்டு என் கால்மேல் ஏறியது. மணவறையை நொண்டிக்கொண்டேதான் சுற்றினேன்.