ஜெபதாஸ் சார் புல்வெட்டும் மெஷின் வாங்கினார்

ஜெபதாஸ் சார் குடை வாங்கப் போனால் கடைக்காரருக்கு அன்றைக்கு வேறு வியாபாரம் நடக்காது. விரிப்பார், மடக்குவார், கம்பி கம்பியாகத் தட்டிப் பார்ப்பார், "நாளைக்கு வரேன்" என்று போய்விடுவார். சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர். விசில் ஊதினால் மைதானமே மூச்சடக்கி நிற்கும். அதே மனிதர் செருப்புக் கடையில் வியர்த்துப்போவார்.

"என்னெ மட்டும் எப்பிடித்தான் ஒரே பார்வையில சரின்னு சொன்னீங்களோ" என்பாள் மனைவி கிருபாவதி.

"உங்க நைனா எங்க யோசிக்க விட்டாரு?" என்பார் அவர்.

இப்படிப்பட்டவரிடம்தான் சபையார் கல்லறைத் தோட்டத்தை ஒப்படைத்திருந்தார்கள். ஐப்பசி மழை விழுந்தால் அங்கே புல் முழங்காலுக்கு ஏறிவிடும். பாம்புக்குப் பயந்து அரிவாள் பிடிக்க ஆள் வராது. போன வருஷம் மெட்ராசிலிருந்து பச்சைப் பெயிண்ட் மினுங்கும் தள்ளுமெஷின் ஒன்றை வாங்கி வந்தார். மெல்லிய தகடு. ஒரே மழைக்காலத்தில் கத்தி வளைந்து, கைப்பிடி கழன்று, கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டது அது.

அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கமிட்டியில் பொருளாளர் ஞானசிங் எழுந்து நின்றார். வாய் ஓயாத மனிதர், கெட்டவர் இல்லை.

"சார் இன்னொரு தபா வாங்கட்டும். அதுவும் கெட்டுப்பூடுச்சின்னா கல்லறைங்களுக்கு நடுவுல சிமெண்ட் போட்டு மூடிடலாம். புல்லும் வேணாம், பாம்பும் வேணாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெபதாஸின் அப்பாவும் அம்மாவும் அந்தப் புல்லுக்கடியில்தான் இருந்தார்கள். சித்திரை வெயிலில் சிமெண்ட் எப்படிக் கொதிக்கும் என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பதியில் அலிபிரி போகிற வழியில் நாகபூஷணம் என்பவரின் பழைய சாமான் கடை இருப்பதாக யாரோ சொன்னார்கள். காலி செய்த பங்களாக்களின் தட்டுமுட்டுகள் அங்கேதான் வந்து சேருமாம். ஒரு சனிக்கிழமை அவரும் கிருபாவதியும் பஸ் ஏறினார்கள். போய் இறங்கினால் ஊரே மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்தது.

"ரண்டி சார், வாங்க வாங்க. மலைக்கிப் போயி வந்தீங்களா? முடி அப்பிடியே இருக்குதே" என்றார் நாகபூஷணம்.

"நாங்க கிறிஸ்டியன்ஸ். மொட்டை அடிக்க வேண்டியது புல்லுக்கு."

நாகபூஷணம் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து இரண்டு மெஷின்களை இழுத்து வந்தார். ஒன்று பாய் அகலத்துக்கு வெட்டக்கூடியது, நல்ல பளபளப்பு. மற்றது சின்னது, துரு பிடித்துக் கறுத்துக் கிடந்தது.

"பெருசே எடுங்க சார். நாலு தள்ளு தள்ளினா தோட்டமே முடிஞ்சிபூடும்."

கத்திக்கு நடுவில் காகிதம் விட்டுப் பார்த்தார் ஜெபதாஸ். இரண்டுமே சுத்தமாக நறுக்கின. ஆனால் அவர் கவலை வேறு. கல்லறைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். அங்கே மெஷின் திரும்புமா? கடையிலிருந்த காலி மண்ணெண்ணெய் டின்களை எடுத்துத் தெருவோரம் வரிசையாக வைத்தார். கிருபாவதியும் இரண்டைத் தூக்கி வந்தாள்.

"இது உங்கம்மா. இது உங்க நைனா. பாத்துப் போங்க."

பெரியது நேராக நன்றாகத்தான் ஓடியது. திருப்பும் இடத்தில் முரண்டு பிடித்து, டின் ஒன்றை உருட்டிவிட்டது.

"போச்சு, மாமாவெ இடிச்சிட்டீங்க!"

வேடிக்கை பார்த்தவர்கள் யார் அந்த மாமா என்று தேடினார்கள். சின்னதைத் தள்ளினார். அதன் பின்னுருளை இரண்டு துண்டாக இருந்தது. திருப்பும்போது ஒரு துண்டு நிற்க, மற்றது சுழன்றது. நின்ற இடத்திலேயே மெஷின் முகம் திருப்பிக்கொண்டது.

"அபௌட் டர்ன்!" என்று தன்னை மறந்து கத்தினார் டிரில் மாஸ்டர்.

"துருப் புடிச்சிக் கெடக்குதே" என்றாள் கிருபாவதி.

"துரு மேல மட்டும்தான் அம்மா. வார்ப்பிரும்பு. எங்க தாத்தா காலத்துது, எம் பேரன் காலத்துக்கும் வரும்" என்றார் நாகபூஷணம். அடக்கமான விலைதான். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லாமல் ஜெபதாஸ் வாங்கிய முதல் சாமான் அது.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாணை பிடித்தார். அதோடு நின்றிருக்கலாம். மறுவாரம் சர்ச்சில் அறுப்புப் பண்டிகை. போதகர் ஐயர் கையால் ஒரு ஜெபம் ஆகிவிட்டால் உடையாமல் இருக்குமே என்ற பயத்தில், மெஷினைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார். கரும்புக் கட்டு, பூசணிக்காய், சேவல், நெல் மூட்டை, நடுவில் மெஷின். பீடத்தின் முன் நிற்பது எதுவானாலும் அன்றைக்கு அது காணிக்கை. ஆராதனை முடிந்ததும் ஏலம். வருஷா வருஷம் பார்த்தவர்தான், கவலையில் மறந்துபோனார்.

ஏலம் போடுகிறவர் ஞானசிங். சேவலை விற்றுவிட்டு மெஷின் மேல் கையை வைத்தார்.

"ஐயோ, அது காணிக்கை இல்லீங்க" என்றார் ஜெபதாஸ்.

"பீடத்தாண்ட வெச்சதெத் திரும்பி எடுப்பீங்களா சார்? நீங்களே சொல்லுங்க."

சபை சிரித்தது. ஜெபதாஸ் தன் மெஷினைத் தானே ஏலம் கேட்டார். "அம்பது."

"அறுபது" என்றது பெண்கள் பக்கம். வெதுருகுப்பத்து மாந்தோப்புக்காரி தபீதாளம்மா. அவர் எழுபது என்றால் அந்த அம்மா நூறு என்றார். கிருபாவதி எழுந்து வந்து, போதும் என்று கணவனின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஜெபதாஸுக்குக் கண்ணெதிரே சிமெண்ட் கொதித்தது.

வெளியே மாட்டுவண்டியில் ஏற்றப் போகும்போது ஓடிப்போய் நின்றார். "அம்மா, மாந்தோப்புக்கு இது ஆகாதும்மா."

"தோப்புக்கு யாரு கேட்டா? எங்கூட்டுக்காரரு அந்தக் கல்லறை மூலையில படுத்துக்கினு ரெண்டு வருசம் ஆவுது. புல்லு மூடிப் பேரே தெரியல. கூலிக்கு ஆளு வரல, மெஷினாவது வரட்டும்னு எடுத்தேன். நீ வெட்டறதுன்னா இங்கியே இருக்கட்டும். இன்னிக்கி அவருகிட்ட வெட்டிக் காட்டு சாரு."

பண்டிகை உடுப்போடு கல்லறைத் தோட்டத்துக்குள் தள்ளினார் ஜெபதாஸ். கரும்பு தின்றுகொண்டு சபையே பின்னால் வந்தது. மூலைக் கல்லறைக்கும் சுவருக்கும் நடுவில் முழம்தான் இடம். உள்ளே போன மெஷின் நின்ற இடத்தில் திரும்பி, அதே தடத்தில் வெளியே வந்தது. புல்லுக்குள்ளிருந்து பெயர் எழுத்தெழுத்தாக வெளிப்பட்டது. தபீதாளம்மா முந்தானையால் கல்லைத் துடைத்தார்.

"கொஞ்சம் குடு சார்" என்று கரும்பைக் கீழே போட்டார் ஞானசிங். "எங்க நைனாவெப் பெத்த ஆயா அந்தாண்ட வரிசையில இருக்குது."

"மொதல்ல கையெத் தொடச்சிக்கினு வாங்க" என்றார் ஜெபதாஸ். "கைப்பிடி பிசுபிசுக்கும்."