வெயிலுக்காகப் போட்ட நீளக்கை

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். முதுகுப் பையைக் கழற்றப் போனேன், "தொடாதீங்க உம்மா" என்று கத்தினாள். பையின் பட்டி உரசும்போது எரிகிறதாம். காலரை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். பின்கழுத்தில் அவளுக்கு வெள்ளையாக இருக்கிற இடம் முழுக்க இரத்தச் சிவப்பாகி, நடுவில் நீர்க் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. நெற்றி ஓரத்திலும் அப்படித்தான்.

"தொப்பி எங்க?"

"டீச்சர் கழட்டச் சொன்னாங்க. விளையாட்டுப் போட்டி ட்ரில்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணுமாம்."

"நீளக்கைச் சட்ட?"

"அதயும்தான்."

"எவ்வளவு நேரம் வெயில்ல நிண்டீங்க?"

"இன்டர்வல் முடிஞ்சதில இருந்து."

"டீச்சர் எங்க நிண்டா?"

"எங்களுக்கு முன்னால. குடை பிடிச்சிக்கிட்டு."

வெயில் சுடும் என்று அந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் குடை கொண்டு போயிருக்கிறார். அந்தக் குடைக்குக் கீழே நின்றுகொண்டுதான் என் பிள்ளையின் தொப்பியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு வெண்படை. பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே கழுத்தில் ஒரு பொட்டுப் போலத் தொடங்கியது. பிறகு நெற்றி, முழங்கை, கால் விரல்கள். புத்தளத்தில் தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது அவர் முதலில் சொன்னது, இது தொத்தாது, பயப்பட ஒன்றுமில்லை என்று. இரண்டாவதாகச் சொன்னதைத்தான் நான் இன்றுவரை ஊருக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருக்கிறேன்: அந்த வெள்ளை இடங்களில் தோலைக் காக்கிற நிறம் இல்லை, அதனால் மற்றப் பிள்ளைகளுக்குச் சும்மா சுடுகிற வெயில் இவளை எரித்துவிடும்.

பார்மஸியில் வெயில் கிரீம் வாங்கிப் பூசிப் பார்த்தோம். அடுத்த நாள் காலையில் பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை. முகம் வீங்கி, கன்னமெல்லாம் தடித்து, சொறிந்து சொறிந்து அழுதாள். வேறொரு கிரீம் வாங்கினோம். அதற்கும் அதே கதை. டொக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சில பேர்ட தோலுக்கு இதுல இருக்கிற மருந்துகள் ஒத்துக்கொள்ளாது. இப்போதைக்கு நிப்பாட்டுங்க. துணியும் நிழலும்தான் இவக்குக் கிரீம். பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும் வெயில்ல விடாதீங்க" என்றார்.

அதைச் செய்வது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. வீட்டில் தையல் மெசின் இருக்கிறது. துணிக்கடையில் துணியை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பேன். மறுபக்கம் கை தெரிந்தால் அது வேண்டாம். பள்ளிக்கூடத்து வெள்ளைத் துணிதான் இருப்பதிலேயே மோசம், கண்ணாடி மாதிரி வெயிலை உள்ளே விடும். இறுக்கமாக நெய்த கடும் நிறத்துப் பருத்தித் துணியில், காற்றுப் போகிற மாதிரித் தொளதொளவென்று நீளக்கைச் சட்டைகள் தைத்தேன். தொப்பி தைக்கிற விதத்தை மகளின் வாப்பாவிடம் கேட்டேன். அவர் கடலில் டொல்பின் பார்க்க ஆட்களைப் படகில் கூட்டிக்கொண்டு போகிறவர். வெளிநாட்டுப் பிள்ளைகள் போடுகிற தொப்பியைப் பார்த்துவந்து கையால் காட்டினார்: முன்னால் அகலமான விளிம்பு, பின்னால் தோள் வரைக்கும் தொங்குகிற ஒரு துண்டு. அப்படியே வெட்டித் தைத்தேன்.

இதையும் சொல்ல வேண்டும். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மூடிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். அவர்களுக்காக எங்கள் ஆட்கள்தான் கடற்கரையில் கம்பு நட்டுப் படங்கு கட்டி நிழல் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எவரும் "இந்தப் புள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டதில்லை. அதே கரையில் என் மகள் நீளக்கையோடு நின்றால் கேட்கிறார்கள்.

"கறுத்துப் போயிருவா எண்டா பயம்?" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நான் விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, "ஓம், பொம்புளப் புள்ளதானே, கலரப் பாக்கத்தான் வேணும்" என்றார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவர்கள் காதில் ஏறவில்லை. இன்னும் சிலருக்கு வேறு நினைப்பு. பிள்ளையின் குறையை மறைக்கத்தான் மூடுகிறேன் என்று.

எங்கள் மதினிக்கு இந்த இரண்டு நினைப்பும் சேர்ந்து இருந்தது. ஒருநாள் வெள்ளையாக்குகிற கிரீம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மத்த இடத்தையும் வெள்ளையாக்கினா எல்லாம் ஒரே கலராயிரும்தானே" என்றார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அந்தக் கிரீமை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் பொழுது சாய்ந்து ஒரு வலீமா விருந்துக்கு, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டபோது மகள் ஆசைப்பட்ட குட்டைக்கைக் கவுணைப் போட்டுவிட்டேன். மதினிக்கு முகம் மாறிவிட்டது.

"வெயில் நேரமெல்லாம் மூடிக்கிட்டுத் திரியுறா. நாலு பேர் வாற இடத்தில இப்படித் திறந்து விடுறீங்களே?"

"வெயில் போயிட்டுது மதினி. இப்ப என்னத்துக்கு மூடுற?"

"பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்கிறவங்கட கண்ணால புள்ளைக்குக் கொப்புளம் போடாது."

மதினி எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்து போனார்.

கொப்புளம் போட்ட மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபரின் அறையில் வெயில் வராமல் திரை இழுத்துவிட்டிருந்தது. மேலே மின்விசிறி ஓடியது. நல்ல மனுசர் என்றுதான் ஊரில் பெயர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"உங்கட கவல எனக்கு விளங்குது. ஆனா ஒரு புள்ளைக்காகப் பள்ளிக்கூடத்துச் சட்டத்த மாத்தேலாது."

"எந்தச் சட்டம் சேர், வெயிலுக்குத் தொப்பி போடக்கூடாதெண்டு இருக்கு?"

"ட்ரில் எண்டா பாக்க ஒரே மாதிரி இருக்கணும். அதுதானே அழகு. ஒரு கிரீமப் பூசி அனுப்புங்களேன், இப்ப எல்லாக் கடையிலயும் விக்கிறாங்க."

கிரீம் பூசி முகம் வீங்கிய கதையைச் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு முடிவு சொன்னார்: "அப்ப புள்ள ட்ரில்லுக்கு வரத் தேவல்ல. வகுப்பிலயே இருக்கட்டும்."

அவருக்கு அது பெரிய தீர்வு. வெயிலைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மாற்ற வேண்டாம், ஒரு தொப்பியைக் கூட அனுமதிக்க வேண்டாம், பிள்ளையை விலக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது. என் மகளோ அந்த ட்ரில்லுக்காக வளையம் சுழற்றப் பழகி, வீட்டில் நடக்கிற இடமெல்லாம் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பவில்லை. கதைத்துக் கதைத்துக் கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பழகுகிற நாட்களில் தொப்பியும் நீளக்கையும் போடலாம். விளையாட்டுப் போட்டி அன்று மட்டும் மற்றவர்களைப் போல வெறும் தலையோடு வரவேண்டும். ட்ரில் சில நிமிடம்தானே, முடிந்த கையோடு நிழலுக்கு வந்துவிடலாம் என்றார். சில நிமிடம் என்றால் பரவாயில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

போட்டி அன்று மைதானத்தின் ஒரு பக்கத்தில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள், முன்னால் பூச்சாடி. ஆசிரியர்களும் அந்த நிழலில்தான். பெற்றோர் மதில் ஓரம் நின்ற வேப்ப மரங்களுக்குக் கீழே. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. பிரதம விருந்தாளி வருகிறபோது மைதானம் நிறைந்திருக்க வேண்டுமாம். அதனால் அவர் வருவதற்கு முன்பே ட்ரில் பிள்ளைகளை நடுவில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

விருந்தாளி வரவில்லை. ஒலிபெருக்கியில் "வந்துகொண்டிருக்கிறார்" என்றார்கள். பிறகும் அதையே சொன்னார்கள். களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிற காற்று கூட அன்று நின்றுவிட்டது. மணல் தரை அனல் வீசியது. மகள் கையால் பின்கழுத்தை மூடிக்கொண்டு நின்றாள். பழைய புண் அப்போதுதான் காய்ந்திருந்தது.

நான் எழும்பினேன். அவளுடைய வாப்பா என் முந்தானையைப் பிடித்தார். "பொறுங்க. நாம ஏதும் செய்யப்போய் நாளைக்குப் புள்ளையத்தான் ஒரு மாதிரிப் பாப்பாங்க."

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை குனிந்து வாந்தி எடுத்தாள். ஒரு டீச்சர் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனார். வரிசையில் விழுந்த இடைவெளியை அடுத்த பிள்ளையை முன்னுக்கு இழுத்து நிரப்பினார்கள். இடைவெளியை நிரப்பினார்கள்! அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. மகளின் தொப்பியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தேன். இந்த முறை அவர் பிடிக்கவில்லை, பின்னால் அவரும் வந்தார்.

"பெற்றோர்கள் தயவுசெய்து மைதானத்துக்குள் வர வேண்டாம்" என்று ஒலிபெருக்கி சொன்னது.

தொப்பியை நீட்டினேன். மகள் வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "உம்மா, போங்க" என்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, "சாச்சி, நாங்களும் அங்க போய் இருக்கலாமா?" என்று பந்தலைக் காட்டினாள்.

"ஓம், வாங்க. எல்லாரும் வாங்க" என்றேன்.

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அதற்குள் மற்ற உம்மாமாரும் மரத்தடியிலிருந்து வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலை நோக்கி நடந்ததும், வரிசை அப்படியே உடைந்து ஓடியது. வெள்ளைத் துணி போர்த்திய கதிரையில் இரண்டு பேர், மூன்று பேராக ஏறிக்கொண்டார்கள். மகளும் கடைசியில் வந்து ஒரு ஓரத்தில் இருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதிபர் வியர்க்க வியர்க்க வந்தார். "இது விருந்தாளிகளுக்குப் போட்ட கதிர."

"விருந்தாளி வரட்டும் சேர். வந்தா புள்ளையள் எழும்பிக் குடுப்பாங்க."

"இப்படிச் செய்றது முறையா?"

"வாந்தி எடுத்த புள்ளைய எடுத்திட்டு, அந்த இடத்தில இன்னொரு புள்ளைய நிப்பாட்டினீங்களே, அது முறையா?" என் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. சுற்றி நின்ற பெற்றோர் எவரும் நகரவில்லை. அவர் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி நடந்தார்.

விருந்தாளி வந்தபோது பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பிள்ளைகள் மரியாதையாக எழும்பிக் கதிரை கொடுத்தார்கள். அவர் நிழலில் இருந்து பிள்ளைகள்தான் நாளைய செல்வம் என்று நீண்ட உரை ஆற்றினார். ட்ரில்லைப் பின்னேரத்துக்கு மாற்றினார்கள். மகள் தொப்பி போட்டுக்கொண்டே வளையம் சுழற்றினாள். எவரும் கழற்றச் சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் சொன்னாள். "எல்லாரும் என்னையே பாத்தாங்க."

"தொப்பிக்கா?"

"இல்ல. நீங்க சத்தம் போட்டதுக்கு."

அவளுடைய வாப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைப் பிள்ளையும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அன்று உறைத்தது. ஆனாலும் நான் செய்ததில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த வருடம் பிள்ளைகளுக்கும் பந்தல் போட்டார்கள். ட்ரில் பழகுகிற நேரம் காலை முதல் பாடத்துக்கு வந்துவிட்டது. "அதிக வெப்பம் காரணமாக" என்று அறிவித்தார்கள், வெப்பம் அந்த வருடம்தான் புதிதாக வந்தது போல. விரும்பிய பிள்ளைகள் தொப்பி போடலாமாம். எவரும் என்னிடம் வந்து, உங்கள் பிள்ளைக்கு நடந்தது பிழை என்று சொல்லவில்லை. மகளின் கழுத்தில் அந்தப் புண்ணின் தழும்பு ஒரு சுருக்கமாக இன்னும் இருக்கிறது.

போன மாதம் டொக்டரிடம் காட்டிவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். வீதியோரத்தில் வேறொரு பள்ளிக்கூடத்து மைதானம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், ஒருவர் தலையிலும் ஒன்றுமில்லை. பஸ் சந்தியில் நின்றது. நான் ஆசனத்திலிருந்து எழும்பியதைக் கண்டு மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"உம்மா, இறங்கிராதீங்க."

இருந்துவிட்டேன். பஸ் புறப்பட்டது. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி அந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே கேட்பது மாதிரிக் கேட்டாள்:

"அந்தா அவ்வளவு பெரிய மரம் நிக்குதே. அதுக்குக் கீழ நிண்டு பழகினா என்ன?"